பன்னிரண்டடி

அங்கே இரவு எட்டு, இங்கே காலை ஏழரை.
சுகிர்தமலர் போனைத் தரையில் சாய்த்து
சுவரடியைக் காட்டுகிறாள்.
வின்னிபெக்கில் அவள் வாங்கிய பழைய வீடு.
பின்னறைக்குச் சூடு வருவதில்லை.
ஆள் வைத்துப் பூட்டினால் நாலாயிரம் டொலராம்.
"அண்ணன், நீங்க பைப் வேலைதானே?"

பைப் வேலைதான்.
கல்லடியில் இருபத்திரண்டு வருசம்.
கிணற்று மோட்டர், கக்கூஸ் லைன்,
உப்புத் தின்ற வால்வு, கூரைமேல் கறுத்த தாங்கி.
தண்ணீரைச் சுடவைத்து
அறையைச் சுற்றி ஓடவிடச் சொல்லி
ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
கூப்பிட்டால்
கேட்டவனை மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

மூன்று படம் அனுப்பினாள்.
ஒன்று வார்ப்பிரும்பு. விலையைப் பார்த்து இருவரும் பேசவில்லை.
ஒன்றுக்குத் தகர மூடி.
விரல் பட்டால் நெளியும் என்பது படத்திலேயே தெரிந்தது.
மற்றது செப்புக்குழாய்,
அதில் நெருக்கிக் கோத்த அலுமினியத் தகடுகள்,
கொடுவாயின் செவுளைப் பிரித்து வைத்தாற்போல.
அதை எடு என்றேன்.
ஏன் என்றாள்.
செப்பை எனக்குத் தெரியும் என்றேன்.
மிச்சக் காரணமெல்லாம் மறுகா படித்துச் சொன்னது.

பன்னிரண்டுக்குப் பதினொன்று அறை,
இரண்டு வெளிச்சுவர், ஒரு சன்னல்.
சீமெந்துப் பையின் உட்தாளில் கூட்டிப் பெருக்கினேன்.
பத்தடி வந்தது.
எழுதிய பிறகும் பேனையை மூட மனமில்லை.
வெளியில் எவ்வளவு?
"மைனஸ் முப்பத்தொண்டு."
மைனஸ் எனக்குக்
கடன் கொப்பியில் மட்டும் பழக்கம்.

அந்தக் கிழமை வாழைச்சேனை ஐஸ் பக்டரியில்
பம்ப் பார்க்கும் வேலை.
முடித்துவிட்டு றபாய்தீனிடம் சொன்னேன்:
"குளிரறைக்குள்ள கொஞ்சம் நிக்கப்போறன், கதவைச் சாத்து."
"என்ன மச்சான், கடன் கூடிற்றா?"
தோளுக்கு ஒரு சாக்கைத் தந்தான்.
மைனஸ் பதினெட்டு என்றது சிவப்பு எண்.
முதலில் காது வலித்தது.
மறுகா மூக்குமயிர் முள்ளானது.
சட்டைப்பையில் கிடந்த குறடு
தொட்ட விரலை விட யோசித்தது.
பெட்டி பெட்டியாக வாளைமீன், கண்மூடாமல்.
நாலு நிமிசம்.
ஐந்தாவதில் கதவைத் தட்டினேன், கொஞ்சம் அவசரமாகவே.

வெளியே வெயில் முதுகில் ஏறியது.
அதிலும் பதின்மூன்று கீழே,
ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அவள் படுக்கிறாள்.
தாளில் பத்தை வெட்டிப் பன்னிரண்டு போட்டேன்.
"ரெண்டடி ஏன் கூட?"
"கணக்கு."

மூன்று ஞாயிறு போயிற்று.
வெட்டின வாயை அரத்தால் ராவு.
செப்பு மினுங்குமட்டும் தேய்.
தீயைக் குழாய்க்குக் காட்டு, ஈயத்துக்குக் காட்டாதே.
சுவர்க்கடதாசியில் ஒரு கைப்பிடி எரித்தாள்.
முதல் மூட்டு ஒழுகியது.
அவள் இங்கிலிசில் ஏசியது
என்னையா குழாயையா என்று நான் கேட்கவில்லை.
நடுவில் ஒருநாள் இங்கே கறன்ட் போய்
அவள் பாதிச் சொல்லில் நின்றாள்.
தரைக்குள் இறங்கும் துளையைப் பெரிசாக்கு என்றேன்,
செப்பு சூட்டில் நீளும்,
மரத்தில் முட்டினால் இரவெல்லாம் கதைக்கும்.
"கொஞ்சம் கதைக்கட்டுமே," என்றாள்.

கடைசியில் காத்தை எடுக்கும் வேலை.
சாவியைக் கால் சுற்றுத் திருப்பு.
சீறியது, இருமியது,
கறுப்புத் தண்ணீரை அவள் கையில் துப்பியது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
தண்ணி வெட்டி மறுநாள் வரும்போது
எங்கள் குசினிப் பைப்பும் அப்படித்தான்.
"பூட்டு, பூட்டு," என்று கத்தினேன்.
பக்கத்துவீட்டு நாய் எழும்பிக் குரைத்தது.

விடிய ஒரு குரல் வந்திருந்தது.
"அண்ணன், சரியான வெக்கை.
சன்னலை ரெண்டு விரல் திறந்து வச்சிருக்கன்."
சிரிப்பு. அதன் பின்னால்
டிக், கொஞ்சம் பொறுத்து, டிக்.
மேற்சட்டை இல்லாமல் பேனுக்கடியில் இருந்து
மூன்றுதரம் போட்டுக் கேட்டேன்.
மறுகா பதில் எழுதினேன்:
இடப்பக்கத் துளை காணாது,
இன்னும் கொஞ்சம் ராவு.